சிம்ப்யூட்டரின் குரல்: பெங்களூருவிலிருந்து ஒரு பிணைப்பு நிரலின் வரலாறு

இந்தியக் கணினி வரலாற்றில் சிம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரு தோல்விக் கதையாகவே பதிவாகியுள்ளது. 1999இல் பெங்களூருவில் உருவான சிம்ப்யூட்டர் அறக்கட்டளையில் இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்தோரும் இணைந்திருந்தனர். எழுத்தறிவற்றவரும் பயன்படுத்தத்தக்க, விலை குறைந்த கையடக்கக் கணினியே அவர்களின் இலக்கு. குறைந்தது 50,000 கருவிகள் விற்பனையாகும் என எதிர்பார்க்கப்பட்டது. 2005 வரை விற்றவை சுமார் 4,000. வரலாற்றெழுத்து பொதுவாக இவ்விடத்தில் நின்றுவிடுகிறது.

ஆனால் அக்கருவிக்கென எழுதப்பட்ட ஒரு மென்பொருள் அதனோடு மறையவில்லை. படிக்க இயலாதவருக்குத் திரையிலுள்ள உரையைக் கருவியே வாசித்துக்காட்ட வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது ‘த்வனி’. ரமேஷ் ஹரிஹரன் அதனை சி மொழியில் எழுதினார். நினைவகம் மிகக் குறைவு என்பதால் பதிவுசெய்த ஒலித்துணுக்குகள் ஜிஎஸ்எம் முறையில் சுருக்கிச் சேமிக்கப்பட்டன. எழுத்தை ஒலிக்குறிப்பாக மாற்றும் பகுதி மொழிதோறும் வேறுபட்டது. ஒலிக்குறிப்புகளைக் கோத்துப் பேச்சாக்கும் பகுதி எல்லா மொழிகளுக்கும் பொதுவானது. இந்தப் பகுப்பும் குனூ பொது உரிமமுமே பிறர் அதனைத் தொடர வழிவிட்டன. பின்னர் சந்தோஷ் தோட்டிங்கல் பொறுப்பேற்று விரிவாக்கியதில் தமிழ் உட்படப் பல மொழிகள் சேர்ந்தன.

த்வனியின் அடுத்த இடப்பெயர்வு வலைக்கு. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் ‘சில்பா’ என்னும் இந்திய மொழி வலைச்செயலித் தொகுப்பு பைதானில் எழுதப்பட்டது. சி மொழி நூலகமொன்றைப் பைதான் நேரடியாக அறியாது. இரண்டுக்கும் நடுவே நின்று, பைதானின் சரத்தை சி எதிர்பார்க்கும் பைட் வரிசையாக மாற்றி, செயற்கூற்றை அழைத்து, விளைவைத் திருப்பித் தரும் மெல்லிய அடுக்கு ஒன்று தேவை. அதுவே பிணைப்பு நிரல்.

இவ்வடுக்கிற்குத் தனி வரலாறு உண்டு. 1988இல் பெர்க்லியில் ஜான் ஊஸ்டர்ஹவுட் உருவாக்கத் தொடங்கிய டிசிஎல், சி நிரல்களுக்குள் பொருத்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மொழி. 1996இல் டேவிட் பீஸ்லி வெளியிட்ட ஸ்விக், பிணைப்பு நிரல்களைத் தானே எழுதித்தரும் கருவி. 2006இல் வெளிவந்த பைதான் 2.5, சிடைப்ஸ் என்னும் தொகுதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டதும், சி மொழியில் ஒரு வரியும் எழுதாமலே நூலகத்தை அழைக்க முடிந்தது. பெல்ஜியத்தில் சி++ மொழியில் உருவான டபிள்யூடி என்னும் வலைச்செயலிக் கருவித்தொகுதிக்கு ரூபி மொழிப் பிணைப்பு எழுதப்பட்டதும் இதே போக்கின் பகுதியே. பெங்களூருவிலும் அச்சூழல் வளர்ந்திருந்தது: 2001இல் தொடங்கிய லினக்ஸ் பெங்களூர் மாநாடு 2005இல் ஃபாஸ்.இன் ஆயிற்று, 2009இல் இந்தியாவின் முதல் பைகான் மாநாடு இந்திய அறிவியல் கழகத்திலேயே நடைபெற்றது.

பிணைப்பு நிரல் ஒருமுறை எழுதி முடிந்துவிடுவதன்று. ‘த’ என்னும் எழுத்து யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள். பைதான் 2இன் இயல்பான சரம் பைட்டுகளின் வரிசை. அதன்படி ‘த’வின் நீளம் 3. பைதான் 3இலோ சரம் என்பது யுனிகோட் குறியீடுகளின் வரிசை, நீளம் 1. ஆங்கில உரையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்திய மொழிகளில் ஒவ்வோர் எழுத்திலும் வெளிப்படும். 2020 ஜனவரியில் பைதான் 2க்கான ஆதரவு முடிவுற்றபோது, பழைய பிணைப்பு நிரல்கள் பலவற்றைத் திருத்தி எழுத ஆள் தேவைப்பட்டது. அடியிலுள்ள சி நூலகம் பழுதின்றி இருந்தாலும், பராமரிப்பவர் இல்லையெனில் மேலிருந்து அதனை எட்ட இயலாது.

தொழில்நுட்ப வரலாறு கருவியையும் அதன் விற்பனையையும் எண்ணுகிறது, பராமரிப்பை எண்ணுவதில்லை. பிணைப்பு நிரலுக்குக் காப்புரிமை இல்லை, விலையும் இல்லை, அதனை எழுதியவர் பெயர் பெரும்பாலும் மாற்றப்பதிவேட்டில் மட்டுமே எஞ்சுகிறது. சிம்ப்யூட்டரை விற்பனைக் கணக்கால் அளந்தால் அது 2005ஆம் ஆண்டளவில் முடிந்த கதை. த்வனியின் மாற்றப்பதிவேடுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டால், அதே முயற்சி பல மொழியினர் கைகளில் மேலும் பல்லாண்டு தொடர்ந்தது தெரியும். இந்திய மொழிக் கணிமையின் வரலாற்றை எழுத முற்படும் மாணவர், ஆவணக் காப்பகத்தைப் போலவே நிரல் களஞ்சியத்தையும் படிக்கப் பழக வேண்டும்.