கைடு சொல்லாம விட்ட கால்வாய்

மரக்காணத்துக்காரன் மெட்ராஸைச் சுத்திப் பார்க்கப் போனா என்ன ஆகும்? இதான் ஆகும்.

போன மாசம் ஒரு நாள் டூர் பஸ்ல ஏறினேன். புனித ஜார்ஜ் கோட்டை, அதுக்குள்ள 1680-ல திறந்த புனித மேரி தேவாலயம், எழும்பூர் மியூசியம்னு மைக்குல வருஷம் தப்பாம ஒப்பிச்சார் கைடு. நல்ல மனுஷர்தான். மயிலாப்பூர்ல கபாலீஸ்வரர் கோயிலுக்குத் திரும்புறப்ப ஒரு கறுப்புத் தண்ணியைத் தாண்டினோம். மேல பறக்கும் ரயில். மூக்கைப் பொத்திக்கிட்டு "கூவம்"னார்.

அது கூவமே இல்லைங்க. பக்கிங்காம் கால்வாய். எங்க ஊர்ல வந்து முடியுற அதே கால்வாய்!

1806-ல சென்னையிலேர்ந்து எண்ணூருக்கு வெட்ட ஆரம்பிச்சது. அப்புறம் வடக்கே ஆந்திரா, தெற்கே மரக்காணம்னு நீண்டுச்சு. நாங்க தாண்டின துண்டு கூவத்தையும் அடையாறையும் இணைக்குறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல ஜனங்க பஞ்சக் கூலிக்கு வெட்டினது. பேரு மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. வெட்டினவங்க பேரு?

எங்க தாத்தா உப்பளத்துல வாரின உப்பு தோணியேறி இது வழியாத்தான் பட்டணம் போச்சு. கூடவே சவுக்கு விறகும். காத்தடிச்சா பாய் விரிப்பாங்க, இல்லேன்னா கரையில நடந்து கயித்தால இழுக்கணும். 1965, 66 புயல்கள்ல கால்வாய் நாசமாச்சு. லாரி வந்தாச்சு. 1990கள்ல பறக்கும் ரயில் கால்வாய்க்குள்ளயே காலை ஊனிடுச்சு.

கைடுகிட்ட மெதுவா சொன்னேன். "இதுல படகு போச்சா சார்?"னு மைக்கை என்கிட்டயே குடுத்துட்டார். ரெண்டு நிமிஷம் உளறினேன். பாதி பஸ் தூக்கம். பின் சீட்டுப் பாட்டி மட்டும், "திருவல்லிக்கேணியில விறகுத் தோணி வந்து நிக்குமே, சின்ன வயசுல பார்த்திருக்கேன்"னாங்க.