தாய்ப்பாலில் பூஞ்சை நச்சு கலக்குமா? பாலூட்டும் தாய்மார்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன? முழு விவரம்

வேர்க்கடலையில் பூசணம் பிடித்திருந்தால் நம்மில் பலர் என்ன செய்வோம்? துடைத்துவிட்டு, வறுத்துச் சாப்பிட்டுவிடுவோம். "வறுத்தா எல்லாம் செத்துப் போயிடும்" என்பது நம்பிக்கை. பூஞ்சை சாகும், உண்மைதான். ஆனால் அது விட்டுச் சென்ற நச்சு முழுமையாகப் போகாது. பாலூட்டும் தாய் அதைச் சாப்பிட்டால், ஒரு சிறு பங்கு பச்சிளம் குழந்தைக்கும் போகும். அப்படின்னா தாய்ப்பாலை நிறுத்தணுமா? விரிவாகப் பார்க்கலாம்.

அது என்ன நச்சு?

பெயர் அஃப்லாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் இதை உருவாக்குகின்றன. வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் ஆகியவற்றில் அதிகம் வரும்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம், தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கு. அப்போதுதான் இந்த நச்சு உலகுக்குத் தெரிய வந்தது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் பாதித்து இறந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துள்ளது.

மேல்மலையனூர் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, முக்கியப் பயிர். திண்டிவனத்தில் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை, ஐப்பசியில் அறுவடைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். காய் முற்றும் நேரத்தில் வறட்சி, பறித்த பிறகு மழை. இந்த இரண்டும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்.

தாய்ப்பாலுக்கு எப்படிப் போகிறது?

சாப்பிட்ட 'பி1' வகை நச்சைத் தாயின் கல்லீரல் 'எம்1' என்ற வகையாக மாற்றுகிறது. அதில் கொஞ்சம் பாலில் வெளியேறும். காம்பியாவில் நடந்த ஆய்வில், தாய் உட்கொண்டதில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே பாலுக்குப் போனது தெரிந்தது.

மாட்டுக்கும் இதே கதைதான். பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்றால் பாலில் நச்சு வரும். காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் வெளியிட்ட பால் ஆய்வில், தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88-ல் எம்1 அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. நாட்டிலேயே இதுதான் அதிகம். இந்திய வரம்பு, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் 0.05 மட்டுமே.

குழந்தைக்கு என்ன பாதிப்பு?

பச்சிளம் குழந்தையின் கல்லீரல் முழு வளர்ச்சி அடைந்திருக்காது. கர்ப்பத்தின்போதே நஞ்சுக்கொடி வழியாகவும் இந்த நச்சு போகும். கர்ப்ப காலத்தில் நச்சு அதிகம் சேர்ந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு எடையும் உயரமும் மெதுவாகக் கூடியதைக் காம்பியா ஆய்வு காட்டியது.

அப்போ பால் கொடுக்கலாமா?

கட்டாயம் கொடுக்கணும். பெனின், டோகோ நாடுகளில் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, தாய்ப்பாலை நிறுத்திய குழந்தைகளிடம்தான் நச்சு அதிகம் இருந்தது. பாலுக்குப் பதில் நேரடியாகத் தானியம் சாப்பிட்டதே காரணம். தாயின் உடல் ஒரு வடிகட்டி மாதிரி. சீம்பால் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் எந்த மாற்றமும் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* சுருங்கிய, நிறம் மாறிய, முளைவிட்ட, பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கித் தூக்கிப் போடுங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள்.

* ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் சத்துமாவில் கவனம் தேவை. அரைத்த பிறகு கெட்ட பருப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அரைக்கும் முன்பே பொறுக்குங்கள், கொஞ்சமாக அரையுங்கள்.

* பொறுக்கி ஒதுக்கிய சொத்தைக் கடலையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். வடிகட்டிய எண்ணெயிலும் நச்சு தங்கும்.

* அதை மாட்டுக்கும் போடாதீர்கள். பாலாகத் திரும்பி வீட்டுக்கே வரும்.

* விவசாயிகள் கடலையைப் பறித்தவுடன், காயைக் குலுக்கினால் பருப்பு சலசலக்கும் வரை காய வையுங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

தினமும் ஒரே தானியத்தை மட்டும் சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுவதும் நச்சு சேர்வதைக் குறைக்கும். குழந்தைக்கு எடை கூடவில்லை என்றால் தாய்ப்பாலைக் குறை சொல்லாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாற்ற வேண்டியது தாய்ப்பாலை அல்ல, தாயின் தட்டில் விழும் கெட்ட கடலையைத்தான்.