ஆறு மாதக் கெடுவை விதித்தது யார்?

வேலையிலிருந்து நீக்கப்பட்ட அரசு ஊழியர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், அரசுத் தரப்பு பதிலில் ஒரு வாதம் அநேகமாக இடம்பெற்றுவிடும்: மனுதாரர் ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும். ஆனால் ரிட் அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவில் அப்படி ஒரு கெடு இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் தரும் 32ஆவது பிரிவிலும் இல்லை. சிவில் வழக்குகளுக்கு நாள் குறிக்கும் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டமும் ரிட் மனுக்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. அப்படியென்றால் இந்த ஆறு மாதம் எங்கே பிறந்தது? தீர்ப்புத் தொகுதிகளில் ஒவ்வொரு மேற்கோளாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்.

எண் கிடைத்த இடம் தமிழ்நாடுதான். 1974இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் அழகிரிசாமி எழுதிய சிறிய தீர்ப்பு அது. நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் ஒருவர், தன்னைத் தாண்டி 1957இல் இளையவருக்குப் பதவி உயர்வு தந்ததை எதிர்த்து 1971இல் வழக்குப் போட்டிருந்தார். பதினான்கு ஆண்டுத் தாமதம். ஆறு மாதம், அதிகம் போனால் ஓராண்டு என்று தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அந்தப் பத்தியை நிதானமாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, இது பதவி உயர்வு வழக்கு. பணி நீக்க வழக்கு அல்ல. இரண்டாவது, 226ஆவது பிரிவுக்குக் காலவரம்பு எதுவும் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு முந்தைய தடயம் 1968ஆம் ஆண்டின் திலோக்சந்த் மோதிசந்த் வழக்கு. விற்பனை வரிப் பணத்தைத் திருப்பிக் கேட்ட வழக்கு அது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள், கருத்து ஒன்றுபடவில்லை. தலைமை நீதிபதி இதயத்துல்லா, வழக்குக்கு வழக்கு பார்க்கவேண்டும் என்றார். சிக்ரி ஓராண்டு என்றார். பச்சாவத்தும் மித்தரும் காலவரம்புச் சட்டத்தை வழிகாட்டியாகக் கொண்டார்கள். அடிப்படை உரிமையைத் தாமதம் காட்டி மறுக்க முடியாது என்றார் ஹெக்டே. இந்தத் துறையின் மூலத் தீர்ப்பிலேயே உறுதியான எண் உருவாகவில்லை.

அடுத்து வரும் சான்றை நான் கனமானதாக மதிக்கிறேன். 1973 நவம்பரில், மகாராஷ்டிர அலுவலர்களின் பதவி உயர்வு வழக்கில், பத்தாண்டுக்கு மேற்பட்ட தாமதத்தை மீறி ஐந்து நீதிபதிகள் அமர்வு மனுவை விசாரித்தது. தாமதம் பற்றிய விதி நடைமுறை விதியே, சட்ட விதி அல்ல என்று பகவதி எழுதினார். அங்கே தரப்பட்டிருந்த பதவி உயர்வுகள் தற்காலிகமானவை. யாருடைய நிலைத்த உரிமையும் கலையவில்லை. அதுவும் பதவி உயர்வு வழக்குதான். ஆனாலும் அடுத்த ஆண்டின் ‘ஆறு மாதம்’தான் வாய்வழியாகப் பரவியது.

பணி நீக்க வழக்குகளுக்கு வருவோம். 2008இல் தமிழகப் புவியியல், சுரங்கத் துறை ஊழியர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1982இல் நீக்கப்பட்டவர் 2000இல்தான் துறைக்குக் கோரிக்கை மனு கொடுத்தார். மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு வாங்கி, துறை நிராகரித்ததும் அந்த நிராகரிப்பையே புதிய வழக்குக்கான காரணமாக்கினார். செத்துப்போன கோரிக்கை இதனால் உயிர்பெறாது என்றது நீதிமன்றம். இருபது ஆண்டு கழித்து விசாரணைக் கோப்பு எங்கே என்று கேட்டால் துறை எதைக் காட்டும்? நியாயமான கேள்விதான். இங்கே தாமதம் சாட்சியத்தை அழித்திருக்கிறது.

2014இல் தீர்ப்பான வழக்கில், சென்னைக் குடிநீர் வாரிய ஊழியர் ஒருவர் நான்கு ஆண்டு தாமதித்து வந்திருந்தார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தாமதத்தைக் கவனிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் மேற்கோள் இழை 1874க்குப் போகிறது: லிண்ட்சே பெட்ரோலியம் எதிர் ஹர்ட், லண்டன் பிரிவி கவுன்சில். ‘லாச்சஸ்’, அதாவது உரிமை இருந்தும் வாளாவிருத்தல் என்ற கோட்பாட்டுக்கு இந்திய நீதிமன்றங்கள் காட்டும் ஊற்று இதுவே. நம் தீர்ப்புகள் அதைச் சர் பார்ன்ஸ் பீகாக் சொன்னதாக எழுதுகின்றன. பல ஆங்கில நூல்கள் செல்போர்ன் பிரபுவின் பெயரைப் போடுகின்றன.

யார் சொன்னதானாலும் பொருள் தெளிவு. தாமதத்தின் நீளத்தையும், இடையில் நடந்தவற்றால் இரு தரப்பின் நிலை எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்து நிறுக்க வேண்டும். எண் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், அந்த வழக்கில் தாமதம் தடையாகவில்லை; தாமதித்து வந்த நிறுவனமே வென்றது.

ஆகவே என் முடிவு இது: ஆறு மாதம் என்பது பதவி உயர்வு வழக்கு ஒன்றில் சொன்ன விவேகக் குறிப்பு, பணி நீக்கப்பட்டவர் மீது கெடுவாகச் சுமத்தத் தக்கதல்ல. கோப்பு இருக்கிறதா, வேறொருவர் வாழ்வு கலைகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதேசமயம், நீக்க உத்தரவு கைக்கு வந்தவர்கள் துறைக்கு மனுமேல் மனு எழுதிக் காத்திருக்க வேண்டாம். அந்த மனுக்கள் காலத்தை நிறுத்திவைப்பதில்லை. உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். தாமதமாகிவிட்டிருந்தால் அதற்கான காரணத்தை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.