கண்புரை அறுவையும் விழி கழுவும் மரபும்: தமிழகத்தில் இரு நூற்றாண்டுகள்

முன்னுரை

பரங்கிப்பேட்டை, சிதம்பரம், கடலூர் வட்டார மக்களுக்குக் கண்புரை அறுவை இன்று எட்டாத மருத்துவம் அன்று. கடலூர் - புதுச்சேரிச் சாலையிலுள்ள தவளக்குப்பத்தில் 2003இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றபின் அது மேலும் அண்மையில் வந்தது. அறுவைக்குச் சற்று முன் நோயாளியின் கண்ணில் பழுப்பு நிறக் கரைசல் ஒன்று விடப்படுகிறது. மருத்துவ வரலாறு கருவிகளையும் செயற்கை வில்லையையும் விரித்துரைக்கும் அளவுக்கு இச்செயலைப் பேசுவதில்லை. கண்ணைக் கழுவுதல் என்ற ஒரே செயல் காலந்தோறும் வேறு வேறு நோக்கம் கொண்டிருந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கிருமி அறியப்படாத காலம்

பழைய இந்திய மருத்துவர் புரையை அகற்றவில்லை. ஊசியால் குத்திப் பார்வைப் பாதையிலிருந்து விலக்கினர். சுசுருத சங்கிதை இம்முறையை விளக்கும்போது தாய்ப்பால் தெளித்தலையும் நெய் இட்டுக் கட்டுதலையும் கூறுகிறது. சித்த மருத்துவத்தில் திரிபலைக் குடிநீரால் கண் கழுவும் வழக்கம் உண்டு. எரிச்சலைத் தணித்தலும் அழுக்கு நீக்கலுமே இவற்றின் நோக்கம்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) தன்வந்திரி மகாலை நிறுவிக் கண் மருத்துவத்தை ஊக்குவித்தார். அங்கு எழுதப்பெற்ற கண் நோயாளர் குறிப்புகளும் நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. இவை நுட்பமான கவனிப்புக்குச் சான்று. ஆயினும் ஜோசப் லிஸ்டர் கிருமிநீக்க அறுவை முறையை வெளியிட்ட 1867ஆம் ஆண்டு, மன்னர் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. எவ்வளவு கவனத்துடன் கழுவினும் எதனை அகற்ற வேண்டும் என்பது அன்று அறியப்படவில்லை.

சென்னை மருத்துவமனையும் நச்சுக் கரைசலும்

1819இல் தொடங்கிய சென்னை அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், ஊசியால் புரை விலக்கும் முறையின் தீங்குகளை ஆராய்ந்து 1918இல் தனிநூல் வெளியிட்டார். அக்காலத்தில் பாதரசப் பெர்குளோரைடின் மிக நீர்த்த கரைசலால் அறுவைக்கு முன் கண்ணைக் கழுவும் முறை இந்தியாவில் பணியாற்றிய மருத்துவரிடையே வழங்கியது. கழுவலின் நோக்கம் இப்போது கிருமியைக் கொல்வதாயிற்று. எனினும் பாதரசம் விழித்திசுவையும் உறுத்தியது. கிருமிக்குக் கேடாகவும் கண்ணுக்குக் கேடின்றியும் இருக்கும் பொருளே தேவைப்பட்டது.

அயோடின் தந்த விடை

தொற்றின் ஊற்று எது என்பதற்கு 1991இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவான சான்று தந்தது. அறுவைக்குப்பின் உள்விழியழற்சியுற்ற 17 பேரில் 14 பேரின் கண்ணுள் இருந்த கிருமி, அவர்தம் இமை, விழிவெண்படலம் அல்லது மூக்கில் இருந்த கிருமியோடு மரபணு வகையில் ஒத்திருந்தது. பகை பெரும்பாலும் நோயாளியின் இமையோரத்திலேயே வாழ்கிறது.

அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், 5 விழுக்காடு பொவிடோன் அயோடின் இடப்பட்டோரிடம் கிருமி உறுதிசெய்யப்பட்ட உள்விழியழற்சி 0.06 விழுக்காடாகவும், வெள்ளிப்புரதக் கரைசல் இடப்பட்டோரிடம் 0.24 விழுக்காடாகவும் இருந்தது. இங்கு நீரின் ஓட்டத்தைவிட மருந்து தங்கும் நேரமே முதன்மையானது. குறைந்தது மூன்று நிமிடம் தங்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டி நெறி. உணர்விழப்புக் களிம்பை முன்னரே இட்டால் அது தடையாகி அயோடினின் பயனைக் குறைக்கும். ஆகவே உப்புநீரால் அலசுதலும் அயோடின் இடுதலும் ஒன்றல்ல.

கழுவலின் எல்லை

மலிவான இக்கரைசல் ஏழை நோயாளர் திரளும் முகாம் மருத்துவத்துக்குப் பெருந்துணை. ஆயினும் அது ஒரு வாயிலை மட்டுமே அடைக்கிறது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவச முகாம் ஒன்றின் வழி அறுவை செய்துகொண்டோரில் 66 பேர் பார்வை இழந்தனர். பலர் ஒருசேரப் பாதிக்கப்படும்போது, அவரவர் இமைக் கிருமியைவிடப் பொதுவான நீர்மம், கருவி, அறுவை அரங்கு ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். கண்ணில் விடும் அயோடின் இவற்றைத் தூய்மையாக்காது. அயோடின் வழக்கில் இருந்த அரவிந்த் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அறுவை முடிவில் கண்ணினுள் மாக்சிஃப்ளாக்சசின் செலுத்தியபோது தொற்று 0.07இலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. ஒரு காப்பின்மேல் மற்றொரு காப்பு தேவை என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

தணித்தல், தூய்மையாக்கல், கிருமி கொல்லல் எனக் கழுவலின் நோக்கம் படிப்படியாக மாறியது. இம்மாற்றத்தை இயக்கியது கைத்திறன் மட்டுமன்று. தொற்று எங்கிருந்து வருகிறது என்ற அறிவே. தமிழக மருத்துவ வரலாற்றை எழுதுவோர் அறுவைக் கருவிகளோடு அறுவைக்கு முந்தைய இந்தச் சில நிமிடங்களையும் ஆவணப்படுத்துதல் வேண்டும். முகாமுக்கு வரும் ஏழை முதியவரின் பார்வை அந்நிமிடங்களையும் நம்பியிருக்கிறது.