முட்டைக்குள் விழுந்த வெளிச்சம்



யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் குசினி மூலையில் கோழி அடைகிடக்கும். இரை தின்ன அது எழும்பினால் முட்டை குளிர்ந்துவிடும் என்று பயந்து, நான் கடகத்தால் மூடி வைக்கப் பார்ப்பேன். "விடடா, அது திரும்பி வரும்" என்பார் அம்மா. அம்மா சொன்னதன் பெறுமதி மெல்பேர்ணுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

பொரித்த குஞ்சு முதலில் காணும் அசையும் பொருளின் பின்னால் போகும் என்று 1873இல் டக்ளஸ் ஸ்போல்டிங் எழுதினார். 1935இல் கொன்ராட் லோரன்ஸ் அதைப் பிரபலமாக்கினார். அந்தப் பதிவு மூளையில் எங்கே இருக்கிறது என்று கேம்பிரிட்ஜில் கேப்ரியல் ஹோர்னும் அவருடைய சகாக்களும் தேடினார்கள். முன்மூளையில் ஒரு சிறு பகுதி அகப்பட்டது. அதை முதலிலேயே சேதப்படுத்தினால் குஞ்சு எதையும் பின்தொடரப் பழகாது; பழகிய பிறகு சேதப்படுத்தினால் பழகியதை மறந்துவிடும்.

அடுத்த கதை நம் மெல்பேர்ணில், மொனாஷ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. லெஸ்லி றொஜர்ஸ் குஞ்சுகளுக்குத் தானியத்தோடு சிறுகல்லையும் கலந்து போட்டார். வழமையாகக் குஞ்சு கெதியில் கல்லை விட்டுத் தானியத்தைக் கொத்தப் பழகிவிடும். புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை மூளையின் இடப்பக்கம் ஏற்றியபோது குஞ்சு தடுமாறியது. வலப்பக்கம் ஏற்றியபோது பழுதில்லை. 1979இல் இது வெளியானது. இடம், வலம் என்ற வேலைப் பிரிவு மனித மூளைக்கே உரியது என்று பலரும் நம்பிய காலம் அது.

இந்தப் பிரிவு எப்படி வந்தது? பொரிக்கும் முன் கடைசி நாட்களில் குஞ்சு தலையைத் திருப்பிக் கிடக்கும். இடது கண் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும். வலது கண் ஓட்டுப் பக்கம் இருக்கும். ஓட்டினூடாக வரும் வெளிச்சம் அந்த ஒரு கண்ணுக்கே கிடைக்கிறது. மூளையின் இரு பக்கங்களும் வேறுபட அது உதவுகிறது என்று 1982இல் றொஜர்ஸ் காட்டினார். சில மணி நேர வெளிச்சமே போதும். முழு இருட்டில் பொரித்த குஞ்சுகளிடம் அந்த ஒரே சீரான வேறுபாடு காணப்படவில்லை.

அடைக்கோழி எழும்பிப் போகும் நேரத்தில்தானே முட்டையில் வெளிச்சம் படும்! கணக்காளனான நான் அந்த நேரத்தை நட்டப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

வந்த புதிதில் நானும் மனைவியும் மாறி மாறி இரவு வேலைக்குப் போனோம். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தூங்கினார்கள். அந்த மணித்தியாலங்களை நினைத்து இன்றும் மனம் குறுகுறுக்கும். குஞ்சின் கணக்கைப் பிள்ளையின் பேரேட்டில் பதிய முடியாது. அது எனக்குத் தெரியும். என்றாலும் அம்மாவின் சொல் இப்போது கொஞ்சம் ஆறுதல் தருகிறது. நாங்கள் திரும்பி வந்தோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.