திடலும் மனையும்

அறந்தாங்கிக்குக் கிழக்கே கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரை என்பது தொழில் நடக்கும் இடம். படகு கட்ட, வலை உலர்த்த, மீன் ஏலம் போட. சும்மா உட்கார்ந்து காற்று வாங்க ஒரு கரை என்பது நகரத்தின் தேவை. காலனி ஆட்சியின் நகரங்களில்தான் அது திட்டமாக உருப்பெற்றது. இந்தக் கடலுக்கு அப்பால், கொழும்பின் காலிமுகத் திடல் இதற்கு நல்ல உதாரணம்.

கவர்னர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதை அது. கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலன் கருதி இதைப் பேண வேண்டும் என்று தனக்குப் பின் வருபவர்களைக் கல்வெட்டில் கேட்டுக்கொண்டார். அவர் மனதிலிருந்தது வெள்ளைக்காரக் குடும்பங்களாக இருக்கலாம். கல்லில் அந்த வரம்பு இல்லை. ஜனங்கள் கல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

1864இல் திடலின் தென்கோடியில் காலிமுக ஹோட்டல் வந்தது. தனியார் முதலீடுதான். திடல் அதற்குச் சொந்தமில்லை. ஆனால் திடல் திறந்து கிடப்பதில்தான் அதன் அறைகளுக்கு மதிப்பு. தன் லாபத்துக்குக் காரணம் பக்கத்திலிருக்கும் பொதுவெளி என்கிற உறவு இது. இதில் பெருந்தன்மை ஒன்றுமில்லை, கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கு கரையை வாழவிட்டது.

2014இல் தொடங்கிய துறைமுக நகரத்தின் கணக்கு வேறு. சீன அரசின் பிடியிலுள்ள நிறுவனம் தன் செலவில் 269 ஹெக்டேர் கடலைத் தூர்த்தது. பதிலுக்கு ஒரு பகுதி 99 வருடக் குத்தகையில் அதற்கு. அரசாங்க நிறுவனமானாலும் இங்கே அது மனை வியாபாரி. மணல் அள்ளியதை நீர்கொழும்பு மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021இல் அந்த நிலத்துக்கென்று தனிச் சட்டமும் ஆணைக்குழுவும் வந்தன. திடலின் வடகோடியில் நின்று பார்த்தால், கடல் இருந்த பக்கம் இன்று நிலம்.

அத்திட்டத்தில் பூங்கா உண்டு, மணற்கரை உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிற்பவன் விருந்தாளி. திடலில் நிற்பவன் பிரஜை. இந்த வித்தியாசம் அழகியல் விஷயமல்ல. 1956 ஜூன் 5 அன்று, சிங்களம் மட்டும் மசோதா வந்தபோது, பாராளுமன்றத்துக்கு எதிரே இந்தப் புல்வெளியில்தான் செல்வநாயகமும் தமிழரசுக் கட்சியினரும் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் அவர்களைத் தாக்கியது. 2022 ஏப்ரலில் ஜனாதிபதியை விலகச் சொல்லி இளைஞர்கள் கூடாரமடித்ததும் இங்கேதான். அவ்வருஷம் மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு அங்கே அஞ்சலி செலுத்தப்பட்டது. 1956இல் தமிழர்கள் அடிபட்ட அதே புல்வெளியில்.

வேலியில்லாத வெறும் தரைக்கு வருமானம் கிடையாது. அதனால்தான் மனைக்கணக்கில் அது வீணான நிலம். கரையில் முதல் போடுகிறவனிடம் பூங்கா எத்தனை ஏக்கர் என்று கேட்டுப் பயனில்லை. அங்கே யாரையும் கேட்காமல் கூடலாமா என்பதே கேள்வி.