கண்ணாடிக் கூட்டில் ஓர் எறும்புக் குடி

கோலாலம்பூருக்கு வடக்கே உலு கோம்பாக் காட்டில், அந்தி சாய்ந்ததும், ஓரங்குல நீளமுள்ள பேரெறும்புகள் இரைதேடப் புறப்படுகின்றன. 1965ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம் அங்கு நிறுவிய கள ஆய்வு நிலையத்திற்கு வந்த அறிஞர் பலர் எறும்பு வாழ்வை ஆராய்ந்துள்ளனர். ஆயின் பெருகிப் பரந்த குடியைக் காண்பது எளிது. அதன் தொடக்கத்தைக் காண்பது அரிது. பேரெறும்பின் இனத்தைச் சார்ந்த அரசியர் பலரும் சிறகுதிர்த்துச் சிற்றறையொன்றில் அடைந்து, பறப்பதற்குதவிய தசைகளையே கரைத்து முதற் குஞ்சுகளை ஊட்டுவர். மண்ணுக்குள் நிகழும் இதனைக் காட்டில் யார் காண்பது?

காணும் வழியைச் செம்மைப்படுத்தியவருள் இங்கிலாந்தின் சர் ஜான் லப்பக் தலையாயவர். வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொணர்ந்தவரும் அவரே. விடுமுறையை மக்களுக்களித்துத் தம் ஓய்வை எறும்புகளுக்களித்தார் போலும்! இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே எறும்பு நடமாடும் அளவே இடைவெளி விட்டு, நுண்மண் பரப்பி, ஒளி புகாதவாறு மூடி வைத்தார். எறும்புகள் தப்பாதிருக்கச் சுற்றிலும் நீர் அகழி. உடலில் வண்ணப்புள்ளியிட்டு ஒவ்வொன்றையும் அடையாளங்கண்டார். அவற்றின் செவியைச் சோதிக்க வயலினும் வாசித்துப் பார்த்தார்; அவை அசையவில்லை.

அரசி தனித்துக் குடி நிறுவ வல்லவளா என்பது அக்காலத்தில் தீராத வினா. 1876 ஆகஸ்டில் மிர்மிக்கா இனத்து இணைகளைப் பிடித்துத் தனியே வைத்தார் லப்பக். மாதங்கள் கழிந்தன, ஒன்றும் நிகழவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில்தான் முட்டைகள் தோன்றின. ஜூலையில் முதற் பணியெறும்பு வெளிவந்தது. ஏறக்குறைய ஓராண்டுக் காத்திருப்பின் பயன் ஒரு சில எறும்புகளே! ஆயினும், பணியெறும்பின் துணையின்றியே அரசி குஞ்சு வளர்ப்பாள் என்பது உறுதியாயிற்று.

எறும்பின் ஆயுள் ஓராண்டே என்ற கருத்தும் அவர் கூட்டிலேயே வீழ்ந்தது. பணியெறும்புகள் சில ஏழாண்டு வாழ்ந்தன. 1874ஆம் ஆண்டு இறுதியில் கொணர்ந்த ஃபார்மிக்கா ஃபுஸ்கா அரசிகளுள் ஒருத்தி 1888 ஆகஸ்டு வரை உயிரோடிருந்தாள். 1882ஆம் ஆண்டு அவர் தம் எறும்பு நூலை வெளியிட்டபோதும் அவள் அக்கூட்டில்தான் இருந்தாள். பின்னாளில் ஹெர்மான் அப்பெல் வளர்த்த கருந்தோட்ட எறும்பின் அரசி 28¾ ஆண்டுகள் வாழ்ந்ததாக 1969ஆம் ஆண்டில் பதிவாயிற்று.